நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி, வாசலில் ஒரு பேட்டரி – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் என் அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தோம். அவருக்கு வயது 71. நாடித்துடிப்பு 35-க்கு இறங்கி இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். பேட்டரி பத்து வருஷம் வரும் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வாசலில் நிற்கும் என் மின்சார ஸ்கூட்டரைப் பார்க்கும்போதெல்லாம், "இதுதான் தீப்பிடிக்குதுன்னு பேப்பர்ல போடறாங்க, எனக்குள்ள இருக்கிறதும் அதே லித்தியம்தானே?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம், அரிசி அளவில் பேஸ்மேக்கர் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அடுத்த முறை அப்பாவுக்கு அதையே வைக்கலாமா? கடைசியாக என் சொந்தச் சந்தேகம். திட நிலை பேட்டரி, ஐந்து நிமிடத்தில் சார்ஜ் என்று வாரம் ஒரு செய்தி படிக்கிறேன். எதுவுமே கடைக்கு வருவதாகத் தெரியவில்லை. இதெல்லாம் சும்மா எழுதுவதா?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: பயப்பட ஒன்றுமில்லை. லித்தியம் என்ற பெயர் இரண்டுக்கும் பொது. அதைத் தாண்டி இரண்டும் வேறு வேறு. எப்படி என்று விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பேஸ்மேக்கர் சராசரியாக எடுக்கும் மின்னோட்டம் பத்து, இருபது மைக்ரோ ஆம்பியர். பத்து மைக்ரோ ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள சின்னப் பேட்டரியில் இருந்து இந்த அளவு எடுத்தால் ஒரு லட்சம் மணி நேரம் ஓடும், அதாவது பதினொரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. டாக்டர் சொன்ன பத்து வருஷம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. உங்கள் ஸ்கூட்டர் மேம்பாலம் ஏறும்போது மூன்று கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 வோல்ட் பேட்டரியில் அது அறுபது ஆம்பியருக்கு மேல். அப்பாவின் நெஞ்சில் ஓடுவதைப் போல அறுபது லட்சம் மடங்கு! தவிர, ஸ்கூட்டர் பேட்டரியைத் தினமும் காலி செய்து தினமும் நிரப்புகிறோம். பேஸ்மேக்கர் பேட்டரியை ஒரு முறைகூட சார்ஜ் செய்வதில்லை. அது பத்து வருஷம் மெல்ல மெல்லக் கரையும், தீரும் நேரத்தில் கருவியையே எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். இதயத்துக்குப் போகும் கம்பிகள் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடுவது வழக்கம்.

இந்த நிலைக்கு வந்த கதை லேசானதல்ல. உடலுக்குள் முழுதாகப் பதித்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் மனிதர் பிழைத்தார். 2001 வரை வாழ்ந்தார், இடையில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டார். 1960-களில் பேஸ்மேக்கருக்குள் இருந்தது பாதரச-துத்தநாக பேட்டரி. அது இரண்டு வருஷம் போல்தான் தாங்கும், அதோடு ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வாயு வெளியேற வழி வேண்டும் என்பதால் கருவியை உலோகப் பெட்டியில் போட்டு இறுக மூட முடியவில்லை, எபாக்சி பிசினில்தான் பொதிந்து வைத்தார்கள், உடலின் ஈரம் உள்ளே கசிந்து கருவியைக் கெடுத்தது. யோசித்துப் பாருங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறுவை சிகிச்சை! 70-களில் புளூட்டோனியத்தில் ஓடும் பேஸ்மேக்கர்களைக்கூட மனிதர்களுக்கு வைத்தார்கள். அந்த அளவுக்குத் தவிப்பு இருந்தது.

அமெரிக்கப் பொறியாளர் வில்சன் கிரேட்பேட்ச் அப்போது பிடித்துக்கொண்டது லித்தியம்-அயோடின் பேட்டரியை. 1972-ல் இத்தாலியில் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. இதன் அழகு என்னவென்றால், உள்ளே திரவமே கிடையாது. ஒரு பக்கம் லித்தியம் உலோகம், மறுபக்கம் பாலிமரோடு கலந்த அயோடின். இரண்டும் தொட்ட இடத்தில் லித்தியம் அயோடைடு என்ற உப்பு மெல்லிய படலமாகத் தானே உண்டாகிறது. அந்தப் படலம்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது, அதுவேதான் லித்தியம் அயனிகளைக் கடத்துகிறது. எங்காவது விரிசல் விட்டால் லித்தியமும் அயோடினும் அங்கே மறுபடி சந்தித்து, காயத்தின் மேல் பொருக்குக் கட்டுவது போல உப்பு மூடிவிடும். வாயு வராததால் டைட்டேனியம் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் பற்றவைக்க முடிந்தது. ஸ்கூட்டர் பேட்டரித் திரவத்தில் இருப்பது போல எரியக்கூடிய கரைப்பானும் இல்லை. இன்னொரு நல்ல குணம்: பேட்டரி தீரத் தீர அந்த உப்புப் படலம் தடித்துக்கொண்டே போகும், உள் மின்தடை ஏறும். அந்தத் தடையை வெளியிலிருந்தே அளந்து, மாற்றும் நேரம் நெருங்குகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதயத்துக்கு வேலை செய்யும் பேட்டரி திடீரென்று நிற்கக் கூடாது அல்லவா? எனக்கு வேதியியலில் மிகப் பிடித்த பொருட்களில் இது ஒன்று, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இப்போது வரும் கருவிகள் பலவற்றில் அயோடினுக்குப் பதில் கார்பன் ஃப்ளோரைடும் சில்வர் வனேடியம் ஆக்சைடும் சேர்ந்த கலவை இருக்கிறது. கருவி வெளியோடு கம்பியில்லாமல் பேசுவதற்குக் கொஞ்சம் கூடுதல் மின்னோட்டம் வேண்டும், அதற்காக. சில்வர் வனேடியம் ஆக்சைடு பேட்டரியை உருவாக்கியதில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி எஸ்தர் டகேயுச்சி. இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து மீட்கும் டீஃபிப்ரிலேட்டர்களை உடலுக்குள் வைக்க முடிந்ததில் இந்தப் பேட்டரிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. திட நிலை பேட்டரி வரவே இல்லை என்கிறீர்கள். மேலே சொன்னதை ஒரு முறை திரும்பப் படியுங்கள். திரவம் இல்லாத, திட உப்பு வழியாக அயனி கடக்கும் பேட்டரி 1972-லேயே மனித நெஞ்சுக்குள் போய்விட்டது! ஸ்கூட்டருக்குத்தான் வரவில்லை. காரணம் மறுபடி அந்த அறுபது லட்சம்தான். லித்தியம் அயோடைடு வழியாக அயனி நகர்வது, சாதாரண பேட்டரித் திரவத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய லட்சம் மடங்கு மெதுவு. பேஸ்மேக்கருக்கு அது போதும். ஸ்கூட்டர் அசையக்கூடச் செய்யாது.

திரவத்துக்கு இணையான வேகத்தில் லித்தியத்தைக் கடத்தும் திடப்பொருள் 2011-ல் கிடைத்தது. ஜப்பானில் ரியோஜி கன்னோ குழுவினர், லித்தியம், ஜெர்மானியம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த சேர்மம் ஒன்றை வெளியிட்டார்கள். அன்று பலரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள், நானும் நினைத்தேன். தீரவில்லை. ஜெர்மானியம் விலை அதிகம். இந்தச் சல்பைடு வகைப் பொருட்கள் காற்றின் ஈரம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயுவைக் கிளப்பும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு சார்ஜிலும் மின்முனை உப்பிச் சுருங்குகிறது. திரவமாக இருந்தால் இடைவெளியில் ஓடி நிரப்பிவிடும். திடத்துக்கும் திடத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் விழுந்ததுதான், அங்கே அயனி கடக்க வழியில்லை. அதனால் பேட்டரியைப் பலமாக அழுத்தியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் கடத்துதிறன் எண்ணை மட்டும் போட்டுவிட்டு இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். செய்தி பொய் இல்லை, பாதிதான் சொல்லப்படுகிறது.

ஆய்வகத்திலிருந்து கடைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு உங்கள் வாசலிலேயே சாட்சி இருக்கலாம். ஸ்கூட்டர் பேட்டரிகளில் இப்போது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. மற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. முதல் வகையை முழுதாக சார்ஜ் செய்தால் அதன் அடுக்குகளில் இருந்து பெரும்பகுதி லித்தியம் வெளியே போயிருக்கும். அந்த நிலையில் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடானால் அது தன்னிடமுள்ள ஆக்சிஜனையே கக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் எரியக்கூடிய கரைப்பான். அந்தத் தீயை மண்ணைப் போட்டு அணைக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, லேசில் விடாது.

இந்த வகைப் பொருட்களுக்கு வழி திறந்ததில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, லித்தியம் பேட்டரி முன்னோடியான ஜான் குட்இனஃபிடம் ஆய்வுக்குப் போனவர். இரும்பு மலிவு, ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடில் வோல்ட்டேஜ் குறைவு. இருவரும் 80-களின் இறுதியில் இரும்பு மாலிப்டேட்டையும் இரும்பு சல்பேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே இரும்பு, ஒரே மாதிரி கட்டமைப்பு, ஆக்சிஜனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அணு மட்டும் வேறு. மாலிப்டேட்டில் 3.0 வோல்ட், சல்பேட்டில் 3.6. பக்கத்து வீட்டுக்காரர் மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம்! இந்தப் புரிதலின் தொடர்ச்சியாக 1997-ல் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையிலேயே இது குறைந்த சக்தி பேட்டரிகளுக்கு ஏற்றது என்றுதான் எழுதினார்கள். காரணம் அதற்குள் லித்தியமும் எலக்ட்ரானும் நகர்வது மிக மந்தம். பிறகு மான்ட்ரியலில் மிஷெல் ஆர்மாண்ட் குழு துகள்களின் மேல் கார்பன் பூச்சுக் கொடுத்தது, துகள்களை நுண்ணியதாக்கினார்கள், கார் பேட்டரியை அடுக்கும் முறையையே சீனத்தில் மாற்றினார்கள். 2024-ல் உலகெங்கும் மின் கார்களில் போன பேட்டரிகளில், கொள்ளளவுக் கணக்கில், ஏறக்குறைய பாதி இந்த வகைதான். மந்திரத்தின் ஆரம்பக் கட்டுரைகளில் இருந்து எண்ணினால் முப்பத்தைந்து வருஷம். 2019-ல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவரும் மந்திரம்தான். இதை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எனவே ஸ்கூட்டர் எந்த வகை என்று விற்றவரிடம் கேளுங்கள். எல்.எஃப்.பி. என்றால் எடை கொஞ்சம் கூடுதல், பாதுகாப்பு கூடுதல். அதற்காக அது எரியவே எரியாது என்று எண்ண வேண்டாம், உள்ளே கரைப்பான் இருக்கத்தான் செய்கிறது. எந்த வகையானாலும், வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மாடிப்படிக்கு அடியிலும் வாசற்கதவை ஒட்டியும் சார்ஜ் செய்யாதீர்கள். தீ என்று வந்தால் வெளியேறும் வழி அதுதானே.

அரிசி பேஸ்மேக்கர் உண்மையான செய்திதான். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. 3.5 மில்லிமீட்டர் நீளம், 1.8 அகலம், 1 மில்லிமீட்டர் கனம். அதற்குள் தனியாக ஒரு பேட்டரி கிடையாது. இரண்டு வேறு உலோகங்கள் இருக்கின்றன, உடலின் திரவம் பட்டதும் அவையே மின்கலமாகிவிடுகின்றன. நெஞ்சின் மேல் ஒட்டிய பட்டை, துடிப்பு தவறுவதைக் கண்டால் அகச்சிவப்பு ஒளியை மினுக்கி அதை இயக்குகிறது. வேலை முடிந்ததும் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். இதயக் குறையோடு பிறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பச்சைக் குழந்தைகளுக்குச் சில நாட்கள் மட்டும் பேஸ்மேக்கர் தேவைப்படும், முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை யோசித்தார்கள். இப்போது அந்தத் தற்காலிகக் கருவியின் கம்பியை இதயத்தில் தைத்து, பிறகு வெளியே இழுத்து எடுக்கிறார்கள். அப்படி எடுக்கும்போது உள்ளே ரத்தம் கசிந்த சிக்கலில்தான் 2012-ல் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் இறந்தார். பிறந்து சில நாளான குழந்தைக்கு அந்த ஆபத்து வேண்டாம் என்பதற்காக இவ்வளவு உழைத்திருக்கிறார்கள், அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. வெளியிட்டபோது விலங்குகளிலும், இறந்தவர்கள் தானம் கொடுத்த மனித இதயங்களிலும் சோதித்திருந்தார்கள்.

அப்பாவுக்கு அது பொருந்தாது. கரைந்து போகிற கருவி அவருக்கு எதற்கு? பத்து வருஷம் கழித்து மாற்றும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியது, கம்பியில்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கும் மாத்திரை அளவு பேஸ்மேக்கரைப் பற்றி. இரண்டு கிராம் எடைதான், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய் வைப்பார்கள், 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து இப்போது பல ஆயிரம் பேருக்கு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஏற்றதல்ல, அவருடைய இதயத்தைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். அப்பாவுக்குப் போனைச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பேஸ்மேக்கரில் இருந்து அரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கருவியோடு ஒரு அடையாள அட்டை கொடுத்திருப்பார்கள், அதில் மாடல் பெயர் இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள், உள்ளே இருப்பது அயோடினா, கார்பன் ஃப்ளோரைடா என்று தேடிச் சொல்கிறேன். அப்பாவிடம் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.