பெட்டியில் 'டிஜிட்டல்' என்று எழுதியிருக்கிறது, வாங்கலாமா?

டிஜிட்டல் ரேடியோ பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி, புறக்கோட்டையில் வாங்கிய பெட்டி, காரில் பூட்டச் சொன்ன பெட்டி என்று பொருள் மாறினாலும் மனத்தாங்கல் ஒன்றுதான்: விற்கும்போது சொன்னபடி பெட்டி பாடவில்லை. பல வருடங்களாக ரேடியோ திருத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லண்டனிலிருந்து அண்ணா டி.ஏ.பி. ரேடியோ ஒன்று கொண்டுவந்தார். விலை கூடிய பெட்டி. இங்கே போட்டால் 'நிலையம் இல்லை' என்றே காட்டுகிறது. பழுதா? (வெள்ளவத்தை)

பழுதில்லை. டி.ஏ.பி. என்பது எஃப்.எம். அல்லாத வேறு ஒரு டிஜிட்டல் ஒலிபரப்பு முறை. ஐரோப்பாவில் அது 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையான இடத்தில் வருகிறது. நம்முடைய எஃப்.எம். நிலையங்கள் இருப்பது 87.5க்கும் 108க்கும் இடையில். கொழும்பில் நீங்கள் தினமும் கேட்கும் சக்தி, சூரியன், தென்றல் எல்லாம் எஃப்.எம்.மில் வருபவை. அந்தப் பெட்டி தேடுகிற இடத்தில் அவற்றில் ஒன்றும் இல்லை.

ஆனால் பெட்டியை மூலையில் வைத்துவிடாதீர்கள். டி.ஏ.பி. பெட்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் எஃப்.எம்.மும் சேர்ந்தே இருக்கும். 'மோட்' அல்லது 'பேண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஒருமுறை இரண்டுமுறை அழுத்திப் பாருங்கள். ஏரியலை முழுதாக இழுத்து ஜன்னல் பக்கம் வையுங்கள். நல்ல ஸ்பீக்கர் உள்ள பெட்டி என்றால் எஃப்.எம்.மே அதில் அருமையாகக் கேட்கும். அண்ணாவின் காசு வீண்போகவில்லை.

முதலாம் குறுக்குத் தெருவில் 'டிஜிட்டல் ரேடியோ' என்று வாங்கினேன். அதே நிலையங்கள், அதே இரைச்சல். ஏமாந்துவிட்டேனா? (கொட்டாஞ்சேனை)

சொல்லை விற்றிருக்கிறார்கள். அலைவரிசையை எண்ணாகக் காட்டும் திரை இருந்தாலே சில கடைகளில் அது 'டிஜிட்டல் ரேடியோ' ஆகிவிடுகிறது. இன்னும் சில பெட்டிகளில் டி.எஸ்.பி. என்று எழுதியிருக்கும். அதில் ஓர் உண்மை இருக்கிறது: உள்ளே இருக்கும் சிப் எஃப்.எம். அலையைப் பிடித்தபிறகு அதை எண்களாக மாற்றிக் கையாள்கிறது. அதனால் நிலையத்தில் சரியாக நிற்கும், முள்ளைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டியதில்லை. வானத்தில் வருவது மட்டும் அதே பழைய எஃப்.எம். அலைதான். கோபுரத்திலிருந்து பலவீனமாக வருகிற அலையை வீட்டுக்குள் இருக்கும் சிப் பலமாக்கித் தராது.

இரைச்சலுக்கு முதலில் ஏரியலைப் பாருங்கள். பக்கத்தில் மலிவான போன் சார்ஜரோ எல்.ஈ.டி. பல்போ இருந்தால் அணைத்துப் பாருங்கள். என்னிடம் திருத்த வந்த ரேடியோக்களில் பல, சார்ஜரைக் கழற்றியதுமே சரியாகியிருக்கின்றன.

டிஜிட்டல் ஒலிபரப்பு 'சிடி தரம்' என்று எங்கும் சொல்கிறார்கள். மகனுடன் ஆறு மாதம் இங்கிலாந்தில் இருந்தேன். எனக்கு எஃப்.எம்.தான் இனிமையாகக் கேட்டது. என் காதில் கோளாறா? (தெஹிவளை)

உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேயர்களிடம் மறைக்கப்படுகிற விஷயம் இதற்குள்தான் இருக்கிறது.

சிடியில் ஒரு விநாடிக்கு 1411 கிலோபிட் தகவல் ஓடுகிறது. டி.ஏ.பி.யில் ஒரு நிலையத்துக்குத் தனி அலை கிடையாது. பல நிலையங்கள் 'மல்டிபிளெக்ஸ்' என்ற ஒரே பொட்டலத்தில் சேர்ந்து வருகின்றன. வழக்கமான அமைப்பில் அந்தப் பொட்டலம் முழுவதும் கொள்வது 1152 கிலோபிட். ஒரு சிடிக்குத் தேவையான அளவுகூட இல்லாத இடத்தை எல்லா நிலையங்களும் பங்குபோட வேண்டும்.

காலி வீதி 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு, அதாவது ஒரு நிலையத்துக்கு, 128 கிலோபிட் என்று கொடுத்தால் 9 பேர் உட்காரலாம். 64 என்று குறைத்தால் 18 பேரை ஏற்றலாம். இடத்தை விற்பவருக்குப் பதினெட்டுப் பேர் ஏறினால்தான் லாபம். ஆனால் சுருக்கியும் ஒலி கெடாமலிருக்க ஒரு நல்ல முறை வேண்டும். 1980களின் கடைசியில் உருவான டி.ஏ.பி. பயன்படுத்தியது எம்.பி.2 என்ற பழைய முறையை. அதில் 128 கிலோபிட்டுக்கு ஸ்டீரியோ சங்கீதம் கொடுத்தாலே வயலினும் சிம்பலும் தேய்ந்துதான் வரும். இன்னும் குறைத்தால் பல நிலையங்கள் ஸ்டீரியோவையே விட்டுவிட்டு மோனோவுக்குப் போய்விடும், பிரிட்டனில் அதுதான் நடந்தது. நல்ல எஃப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸ் வரையான கூரிய ஒலிகளையும் ஸ்டீரியோவில் தருகிறது. இரைச்சல் இல்லாத இடத்தில் நீங்கள் எஃப்.எம்.மை விரும்பியதில் ஆச்சரியமே இல்லை.

சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே இருக்கும் பிபிசி ரேடியோ 3ஐக்கூட 2006 இல் 192 கிலோபிட்டிலிருந்து 160க்கு இறக்கினார்கள். நேயர்கள் விடவில்லை, எழுதினார்கள், பழைய அளவு திரும்பி வந்தது. கேட்கிறவர்கள் வாயைத் திறந்தால் பலன் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007 இல் வெளிவந்த டி.ஏ.பி. பிளஸ் மிகத் திறமையான சுருக்கு முறையைக் கொண்டது. பாதிக்கும் குறைவான பிட்டில் அதே தரத்தைத் தரக்கூடியது. ஆனால் அது வருவதற்கு முன் வாங்கிய பெட்டிகள் பலவற்றால் அதைப் பிடிக்க முடியாது. 'எதிர்காலத்துக்கான ரேடியோ' என்று நம்பி வாங்கியவர்கள் மறுபடியும் காசு கொடுக்க வேண்டி வந்தது. நுட்பத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 'நிலையங்கள் அதிகம்' என்பதையும் 'தரம் அதிகம்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பது விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜப்பான் ரீகண்டிஷன் கார். பாதி நிலையங்கள் பிடிபடவில்லை. பஞ்சிகாவத்தையில் 'டிஜிட்டல் பிளேயர் போட்டால்தான் சரிவரும்' என்கிறார்கள். (வத்தளை)

தம்பி, அவசரப்பட வேண்டாம். ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய கார்களில் 90 வரையும் புதியவற்றில் 95 வரையும் போகும். நமக்கு 108 வரை வேண்டும். அதற்காகத்தான், நிலையங்களின் அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும் 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சின்னப் பெட்டியை ஏரியல் வயரில் பூட்டுகிறார்கள். 18 மெகாஹெர்ட்ஸ் இறக்குகிற எக்ஸ்பாண்டர் என்றால் 103 இல் வரும் நிலையம் திரையில் 85 என்று தெரியும்.

பிரச்சினை கணக்கில்தான். 76 முதல் 90 வரை 14 மெகாஹெர்ட்ஸ் இடம்தான் இருக்கிறது. நம் எஃப்.எம். பட்டையோ 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். எந்த எக்ஸ்பாண்டர் போட்டாலும் ஒரு பக்கம் வெளியே நிற்கும். உங்களுக்குப் பிடித்த நிலையங்கள் மேல்பக்கமா கீழ்பக்கமா என்று பார்த்து, அதற்கேற்ற இறக்கம் உள்ள எக்ஸ்பாண்டரைக் கேட்டு வாங்குங்கள். எல்லா நிலையமும் வேண்டும் என்றால் பிளேயரை மாற்றத்தான் வேண்டும். அப்போது கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'டிஜிட்டலா?' என்பதில்லை, '87.5 முதல் 108 வரை பிடிக்குமா?' என்பதுதான். காசு கொடுக்குமுன் வயரிங் பாஸிடம் சொல்லி அங்கேயே ஏரியலைக் கொழுவிக் கேட்டுப் பாருங்கள்.

'எச்.டி. ரேடியோ' என்றால் டிவி போல உயர் தரமா? (பம்பலப்பிட்டி)

இல்லை. அது 2002 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒரு டிஜிட்டல் ஒலிபரப்பு முறையின் வணிகப் பெயர். அந்த இரண்டு எழுத்துக்கும் விரிவு எதுவும் இல்லை என்று அதை உருவாக்கிய நிறுவனமே சொல்லியிருக்கிறது. டிவியை நினைத்துக்கொண்டு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இங்கே அதற்கு வேலை இல்லை.

எஃப்.எம்.மை சீக்கிரம் மூடப்போகிறார்கள், இப்போதே டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று ஒரு விற்பனையாளர் சொன்னார். ஒஸ்லோவில் இருக்கும் மச்சானும் அங்கே எஃப்.எம். இல்லை என்கிறார். (மட்டக்குளி)

மச்சான் சொல்வது அநேகமாகச் சரி. நோர்வே 2017 இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மை நிறுத்தியது. அங்கேயும் உள்ளூர்ச் சிறு நிலையங்கள் எஃப்.எம்.மில் தொடர்ந்தன. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 கடைசியில் எஃப்.எம்.மை விட்டது, கேட்பவர்களின் தொகை விழுந்தது. பிரிட்டனில் டி.ஏ.பி. தொடங்கியது 1995 இல். குறைந்தது 2030 வரை எஃப்.எம். தேவை என்று 2021 இல்கூட அரசின் ஆய்வு சொன்னது.

பிரிட்டனில் 'பாதிக்கு மேல் டிஜிட்டலில் கேட்கிறார்கள்' என்று 2018 இல் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் கணக்கில் டி.ஏ.பி. மட்டும் இல்லை. டிவி வழியாகக் கேட்டவர்களும் இணையத்தில் கேட்டவர்களும் அதற்குள் அடக்கம். டி.ஏ.பி. பெட்டி விற்க இந்த எண்ணைக் காட்டுவது நேர்மையில்லை.

இந்தியாவை எடுத்துக்கொண்டால், அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில் பெரிய டிரான்ஸ்மிட்டர்களைப் பல இடங்களில் நிறுவியது. கேட்பதற்கான பெட்டி சாதாரண வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஒலிபரப்பு இருந்தும் வீடுகளில் கேட்க ஆளில்லாத நிலை. நம்மிடம் அந்த வரிசையே தலைகீழாக இருக்கிறது, ஒலிபரப்பு வரும் முன்னே பெட்டியை விற்கப் பார்க்கிறார்கள். எந்த முறை இங்கே வரும் என்று நடைமுறையில் தெரியாமல் இன்று ஒரு பெட்டி வாங்குவது வீண்செலவு. அந்த விற்பனையாளரிடம், 'எந்த நிலையம், எந்த முறையில், எந்தத் திகதியிலிருந்து?' என்று கேளுங்கள்.

போனில் ஆப் போட்டால் போதாதா? ரேடியோவே எதற்கு என்கிறாள் மகள். அம்மாவுக்கு 78 வயது, ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும். (கிராண்ட்பாஸ்)

மகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தாலும் டொரொண்டோவிலிருந்தாலும் ஒரே நிலையத்தைக் கேட்கலாம், இரைச்சல் இல்லை. ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். 64 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 29 எம்.பி. போகும். அம்மா தினமும் நான்கு மணி நேரம் கேட்டால் மாதம் மூன்றரை ஜி.பி. நிலையம் 128 இல் அனுப்பினால் ஏழு ஜி.பி. எஃப்.எம்.முக்கு ரீலோட் போட வேண்டியதில்லை. ஆப் எஃப்.எம்.மைவிடப் பிந்தியும் வரும், சில நேரம் அரை நிமிடம்கூட. மேல் வீட்டுக்காரர் 'அவுட்!' என்று கத்தியபிறகுதான் உங்களுக்கு விக்கெட் விழும்.

அப்புறம், 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வீட்டு வைஃபை அணைந்தது, போன் சார்ஜ் இறங்கியது, கோபுரங்களின் பற்றரியும் தீர்ந்து சிக்னல் போனது. இரண்டு பற்றரி போட்ட சின்ன ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. 78 வயதில் தனியாக இருப்பவருக்கு அதுதான் வேண்டும். எஃப்.எம். பிடிக்கிற, பற்றரியிலும் கரண்ட்டிலும் ஓடுகிற, திருகு குமிழ் உள்ள பெட்டியாக வாங்குங்கள். அம்மா கேட்கும் நிலையத்தின் இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தேன், கண் மங்கிய பிறகும் அவரே போட்டுக் கேட்டார்.

அப்பா விட்டுப்போன பொருட்களில் ஒரு செய்மதி ரேடியோ இருக்கிறது. தட்டு போன்ற சின்ன ஏரியலும் உண்டு. திரும்ப ஓட வைக்கலாமா? (வெள்ளவத்தை)

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டி. 2000 இல் ஏவிய ஏசியாஸ்டார் என்ற செய்மதியிலிருந்து ஆசியாவுக்கு டிஜிட்டல் ஒலிபரப்பு தந்த நிறுவனம் அது. எத்தனையோ பேர் ஆசையோடு வாங்கினார்கள், வானத்திலிருந்து இரைச்சலே இல்லாமல் சங்கீதம் வந்தது அப்போது உண்மையிலேயே அதிசயம்தான். 2008 ஒக்டோபரில் நிறுவனம் கடனில் விழுந்தது. 2009 முடிவோடு இந்தியச் சேவை நின்றது. கேட்டவர்கள் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. ஒரே நிறுவனம் அனுப்பி, அந்த நிறுவனத்தின் பெட்டியில் மட்டுமே கேட்கக்கூடிய எதற்கும் இந்த ஆபத்து உண்டு. ரெசிவா என்ற சேவை 2021 இல் மூடியபோது அதை நம்பியிருந்த இணைய ரேடியோப் பெட்டிகளுக்கும் இதுதான் நேர்ந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய எஃப்.எம். பெட்டி இன்றும் கொழும்பில் பாடுகிறது.

செய்மதிப் பக்கத்தை இனி ஓட வைக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் எஃப்.எம்.மும் சிற்றலையும் சேர்ந்திருந்தன. உங்களுடையதில் 'பேண்ட்' பொத்தான் இருக்கிறதா பாருங்கள். பற்றரி வைக்கும் இடத்தில் கம்பி பச்சையாகப் பூத்திருந்தால், பழைய பற்றரிகளை எடுத்துவிட்டு, வினாகிரி தொட்ட பஞ்சுத் துண்டால் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதிய பற்றரி போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் கொண்டு வாருங்கள், திறந்து பார்க்கிறேன்.