விழப்போகிற பல்தானே?

கோத்தகிரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கைக்குழந்தைகளைப் பற்றியவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 7 மாதம். கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. இப்போதே பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தடுப்பூசி போடும் நர்ஸம்மா சொன்னார். "விழப்போகிற பல்லுக்கு எதுக்கு இந்தப் பாடு? இந்தக் குளிரில் வாயை நனைத்தால் சளிதான் பிடிக்கும்" என்கிறார் அத்தை. அடுத்த மாதம் நான் மறுபடி கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பகலெல்லாம் பிள்ளை அத்தையிடம்தான் இருப்பான். சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் கொடுத்தால்தான் தூங்குகிறான். எப்போது, எப்படி ஆரம்பிப்பது?
— ஒரு வாசகி, கீழ்கோத்தகிரி

பதில்: இன்றைக்கே ஆரம்பியுங்கள் அம்மா. முதல் பல் ஈறை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து சொத்தை வரவும் வழி திறந்துவிட்டது.

அத்தை சொல்வதும் பொய்யில்லை, பால் பல் விழத்தான் போகிறது. ஆனால் எப்போது? கீழ் முன்பல் 6, 7 வயதில் விழும். கடவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். இனி முளைக்கப்போகிற பல்லை வைத்துத்தான் உங்கள் மகன் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சோறு மென்றாக வேண்டும். பால் பல்லின் எனாமல், பிறகு வரும் நிலைப்பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். சீழ் வைத்தால், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லும் கறையோடும் குழியோடும் வரலாம். கடவாய்ப் பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வரவேண்டிய பல் கோணலாக வரும். இதை அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பேரனுக்கு வலி வரட்டும் என்று எந்தப் பாட்டியும் நினைக்க மாட்டார்.

இனி எப்படி என்பது. பல் முளைப்பதற்கு முன்னால் வெறும் ஈறைத் துடைப்பது பழக்கத்துக்காகத்தான், ஈறில் சொத்தை வராது. ஆனால் அந்தப் பழக்கம் பெரிய உதவி. வாய்க்குள் விரல் வருவது பிள்ளைக்குப் பழகிவிட்டால் பிற்பாடு பிரஷ்ஷைக் கண்டு அலறாது. பழைய வேட்டித் துணியைக் கையகலம் கிழித்து, துவைத்து வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்காட்டி விரலில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள மடிப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை இழுங்கள். நாக்கின் மேல் ஒரு தடவை. அரை நிமிட வேலை. ஈரத்துணியால் சளி பிடிக்காது, சளி கிருமியால் வருகிறது. ஆனாலும் ஜனவரி மாத உறைபனிக் காலையில் குழாய்த் தண்ணீரை அப்படியே தொட்டு வாயில் வைத்தால் எந்தப் பிள்ளையும் முகத்தைத் திருப்பத்தான் செய்யும். அதற்காகத்தான் வெந்நீர்.

உங்கள் மகனுக்குப் பல் வந்துவிட்டது. அதனால் மிருதுவான, சின்னத் தலை உள்ள குழந்தை பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள். காலையில் ஒரு முறை, இரவு தூங்குமுன் ஒரு முறை. பேஸ்ட் ஒரு பொன்னி அரிசி அளவு போதும், பிரஷ்ஷில் பூசினாற்போல் இருக்க வேண்டும். 3 வயது வரை இந்த அளவுதான். அதற்குப் பிறகு 6 வயது வரை ஒரு சின்னப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு வளைந்து வளைந்து விழுகிறதே, அது குழந்தைக்கு ஆகாது.

பிள்ளையை எதிரில் உட்கார வைத்துத் தேய்க்கப் பார்க்காதீர்கள். தலை உங்கள் மடியிலும் கால் எதிரில் இருப்பவர் மடியிலுமாகப் படுக்க வையுங்கள். நீங்களும் அத்தையும் முழங்கால் முட்ட உட்கார்ந்தால் போதும். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கட்டும், நீங்கள் மேலிருந்து குனிந்து தேயுங்கள். வாய் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பாட்டில். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை இன்னமும் 'பிள்ளைக் காம்பரா' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். என் தம்பியை அங்கே விடும்போது அம்மா ஒரு பாட்டிலில் சர்க்கரைப் பால் கொடுத்துவிடுவார். ராத்திரியும் அதே பாட்டில்தான். மேல் முன்பல் நான்கும் அவனுக்கு 3 வயதில் கறுத்து முளை மாதிரி நின்றன. வர்க்கியைக் கடிக்க முடியாமல் டீயில் ஊற வைத்து உறிஞ்சுவான். யாரும் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வேலைக்குப் போன தாய், தூங்கினால் போதும் என்று கொடுத்த பால் அது. அதனால்தான் பாட்டிலோடு தூங்கும் பிள்ளையைப் பற்றி யார் எழுதினாலும் நான் உடனே பதில் எழுதிவிடுகிறேன்.

தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். பகலில் எச்சில்தான் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி அந்தக் காவல் இல்லாத நேரத்தில் இனிப்புப் பால் மேல் முன்பல்லைச் சுற்றித் தேங்குகிறது, கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. கீழ்ப் பல்லை நாக்கு மூடிக்கொள்வதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு போடலாமா என்று கேட்பார்கள். பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். தேன் ஒரு வயது வரை எந்தக் காரணத்துக்காகவும் நாக்கில் தடவக்கூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வர வழியிருக்கிறது.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு தாங்காது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். 2 ஸ்பூன் என்றால் 2 நாளைக்கு ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை, அப்புறம் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும், நாக்கும் பழகிவிடும். பாலைத் தூங்குமுன் மடியில் உட்கார வைத்துக் கொடுத்து, பல்லைத் தேய்த்துவிட்டு, அப்புறம் தொட்டிலில் போடுங்கள். நடு ராத்திரி தாகமென்று அழுதால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றிரண்டு மடக்கு மட்டும். பகலில் சின்ன டம்ளரில் குடிக்க இப்போதே பழக்குங்கள், ஒரு வயது தாண்டியதும் பாட்டிலை மெல்ல விட்டுவிடலாம். தாய்ப்பாலை மட்டும் இதற்காக நிறுத்த வேண்டாம். வேலை விட்டு வந்ததும் கொடுங்கள், ராத்திரியும் கொடுங்கள். பிள்ளை காம்பை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனால் மெல்ல எடுத்துவிட்டு, ஈரத்துணியால் பல்லை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மாதம் ஒரு தடவை, மேல் முன்பல் வந்த பிறகு, மேல் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பாருங்கள். மூடுபனி நாளில் வீட்டில் வெளிச்சம் போதாது, போன் டார்ச்சை அடியுங்கள். பல் ஈறோடு சேரும் இடத்தில், சுவரில் சுண்ணாம்பு இழுத்ததுபோல் பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிகிறதா? சொத்தை அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டத்தில் வந்தால் ஊசியும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். புளோரைடு வார்னிஷ் பூசி, ராத்திரிப் பழக்கத்தை மாற்றினாலே பல் பழையபடி கெட்டிப்பட வாய்ப்பு உண்டு. அது பழுப்பாகிக் குழி விழுந்த பிறகுதான் பெரும்பாலோர் என்னிடம் வருகிறார்கள். நீங்கள் வலி வரும்வரை காத்திருக்காமல், முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு மேல் பல் முதலில் முளைத்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாது என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என் தம்பிக்கு அடுத்த மாதம் கல்யாணம்.
— மஞ்சூர் வாசகி

பதில்: வழக்கமாகக் கீழ் முன்பல்தான் முதலில் வரும். சில பிள்ளைகளுக்கு வரிசை மாறும், அவ்வளவுதான். அதற்கும் மாமனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கல்யாணத்தை நிம்மதியாக நடத்துங்கள். மாமன் மடியில் உட்கார வைத்தே அந்தப் பல்லைத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். 102 டிகிரி இருக்கிறது. வயிற்றாலும் போகிறது. ஈறில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டுத் தடவினால் வலி அடங்கும் என்கிறார்கள். தடவலாமா?
— கூடலூர்

பதில்: தடவவே கூடாது. யூகலிப்டஸ் மரம் நம் ஊரில் நிறைய நிற்கிறது, தைலமும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனாலேயே அதை வீட்டுப் பிள்ளை மாதிரி நினைத்துவிடுகிறோம். கைக்குழந்தை வயிற்றுக்குள் கொஞ்சம் போனால்கூட மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஈறில் வேண்டாம், மூக்கருகிலும் வேண்டாம். பாட்டிலைக் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். கிராம்பு எண்ணெயும் ஈறைப் புண்ணாக்கும். கடையில் விற்கும் மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் 2 வயதுக்குக் கீழே வேண்டாம்.

பல் முளைக்கும்போது ஜொள்ளு வடியும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், கொஞ்சம் சிணுங்கும். 102 டிகிரி காய்ச்சலைப் பல் கொண்டுவராது, பேதியையும் கொண்டுவராது. பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்து, நீர் வற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும் பிள்ளைகள் உண்டு. இதைப் படித்ததும் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். ஈறு வலிக்குச் சுத்தமான விரலால் மெல்ல நீவிவிடுங்கள், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சொந்தக்காரர்கள் தர்மபுரியில் இருக்கிறார்கள். புளோரைடால் பல்லெல்லாம் பழுப்பாக இருக்கிறது. குழந்தை புளோரைடு உள்ள பேஸ்ட்டை விழுங்கிவிட்டால் எங்கள் பிள்ளைக்கும் அப்படி ஆகாதா?
— ஊட்டி

பதில்: நியாயமான பயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே புளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் வருடக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வந்த கறை அது. நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்டில் 1000 பிபிஎம்முக்கு, அதாவது கிராமுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. ஒரு அரிசி அளவு பேஸ்ட் சுமார் 0.1 கிராம். அதில் இருக்கும் புளோரைடு 0.1 மில்லிகிராம், முழுதாக விழுங்கினாலும் அவ்வளவுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே அளவைக் காப்பாற்றுங்கள், ட்யூபை மட்டும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அங்கன்வாடியில் கொடுத்த இரும்புச்சத்து சிரப் குடித்த பிறகு என் ஒன்றரை வயது மகனுக்குப் பல்லில் கறுப்புக் கோடு. நிறுத்திவிடலாமா?
— பந்தலூர்

பதில்: நிறுத்தாதீர்கள். அது மேலே படிந்த கறை, சொத்தை இல்லை. ரத்தசோகைக்கு அந்த மருந்து அவசியம். சிரப்பை நாக்கின் பின்பக்கமாக விட்டு, பிறகு தண்ணீர் கொடுங்கள். கறையைப் பல் டாக்டர் துடைத்து எடுத்துவிடுவார். நான் கவலைப்படும் சிரப் வேறு, குளிர்காலத்தில் ராத்திரி படுக்கும்போது கொடுக்கும் இனிப்பான இருமல் மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் அதைக் கொடுத்த பிறகு பல்லைத் தேயுங்கள், முன்னால் அல்ல.

கேள்வி: பேத்திக்கு 3 வயது. மகளும் மருமகனும் திருப்பூரில் வேலை செய்கிறார்கள், நான்தான் வளர்க்கிறேன். மேல் முன்பல் நாலும் பழுப்பாகிக் கரைந்துவிட்டது. கீழ்ப் பல் நன்றாக இருக்கிறது. ராத்திரி பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டாள். என்னால்தான் இப்படி ஆனதா?
— குன்னூர், ஒரு பாட்டி

பதில்: அம்மா, உங்களைக் குற்றவாளியாக நினைக்காதீர்கள். இப்படி ஆகும் என்று உங்களிடம் யாரும் முன்பே சொல்லவில்லை. ராத்திரிப் பாட்டிலை மேலே எழுதிய முறையில் விடுங்கள். அது நிற்காமல் நாங்கள் என்ன வைத்தியம் செய்தாலும் சொத்தை அடுத்த பல்லுக்குப் போகும்.

பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. துளைக்காமலே, ஒரு திரவத்தைத் தொட்டு வைத்துச் சொத்தையை அப்படியே நிறுத்தலாம். வெள்ளி கலந்த மருந்து, வைத்த இடம் கறுத்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பெரும்பாலும் சொத்தை மேலே பரவாமல் நின்றுவிடும். பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து அடைக்கலாம், உறை போடலாம். ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம், ராத்திரி வலியால் விழித்து அழுவது இதில் எது இருந்தாலும் நாளையே போக வேண்டும். பேத்தி அங்கன்வாடிக்குப் போகிறாள் என்றால் அங்கே குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டுங்கள். பல் சொத்தையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது, செலவில்லாமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள்.

காலை நேரமாக, அவள் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு அழைத்துப் போங்கள். ஊசி போடுவார்கள் என்றும் சொல்ல வேண்டாம், ஒன்றுமே செய்ய மாட்டார்கள் என்றும் சொல்ல வேண்டாம். டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் அவளைப் பெரிய நாற்காலியில் படுக்க வைக்கத் தேவையில்லை, உங்கள் மடியில் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.