இலவசப் பிரிவு என்று தயங்க வேண்டாம்

போடியில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை, சர்க்கரையும் உண்டு, அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு என்றால் ஏனோதானோ என்று பார்ப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது இது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு லட்சம் பேருக்கு அறுவை செய்த மனிதர். கட்டணம் கட்டுபவர்கள் தரும் பணத்தில்தான் இலவசப் பிரிவு ஓடுகிறது. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். வித்தியாசம் அறையில்தான்: கட்டணப் பிரிவில் கட்டில், இலவசப் பிரிவில் பாய். 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி, கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே செய்கிறார்கள்.

தேனியிலேயே மருத்துவமனை இருக்கிறது. அல்லது பக்கத்தில் முகாம் போட்டால் அங்கே காட்டுங்கள். அறுவை தேவை என்றால் அவர்களே பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அப்புறம், சர்க்கரை மாத்திரைச் சீட்டை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.