முன்னறையை விட்டு ஏன் ஓடினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் எடுப்பது முதல் தேதிக்குள் அனுப்புவதுவரை பார்த்துக்கொள்பவராக இருந்தேன். சொந்தத் தொழில் செய்ய வேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டேன். யாரும் செய்யாத புதுமையான தொழிலாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இதுவரை 46 யோசனைகளை நோட்டில் எழுதி, முதலீடு, போட்டி, லாபம், புதுமை என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருக்கிறேன். கருப்பட்டி ஐஸ்கிரீமும் கொலு பொம்மைகளை வாடகைக்கு விடுவதும் முன்னணியில் இருக்கின்றன. 18,000 ரூபாய் கட்டி ஆன்லைன் வகுப்பும் படித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசிக்கவும் வழியில்லை. அம்மா பிளவுஸ் தைப்பதால் முன்னறையில் எந்நேரமும் பெண்கள் கூட்டம். அதனால் பக்கத்துத் தெருவில் மாதம் 3,500 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்திருக்கிறேன். மனைவியும் மூன்றரை வயது மகனும் இருக்கிறார்கள். வீட்டுச் செலவை இப்போதைக்கு அம்மா பார்த்துக்கொள்கிறார். நல்ல ஐடியாவை எப்படிக் கண்டுபிடிப்பது? அது ஓடுமா ஓடாதா என்று எப்படி எடைபோடுவது? வங்கிக் கடன் வாங்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்த 3,500 ரூபாய் வாடகையை யார் கொடுக்கிறார்கள்?

உங்களுக்கு எட்டு மாதமாகச் சம்பளம் இல்லை. வீட்டுச் செலவு அம்மாவுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுற்றி வளைத்துப் பார்த்தால் அந்த வாடகையும் அம்மாவின் தையல் மெஷினிலிருந்துதான் வருகிறது. கையில் பணத்தோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் பெண்கள். அவர்களிடமிருந்து தப்பிக்க, அவர்கள் கொடுத்த பணத்திலேயே ஒரு அறை எடுத்து, உள்ளே உட்கார்ந்து வாடிக்கையாளரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

வேலையை விட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து இந்தப் பகுதிக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. தைரியமாக இறங்குங்கள், கனவைக் கைவிடாதீர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்க்கிறார்கள். நான் எழுதுவதில்லை. உங்கள் 46 யோசனைகளுக்கும் கேள்வித்தாள் தயாரித்தது நீங்கள், பரீட்சை எழுதியது நீங்கள், திருத்தி மார்க் போட்டதும் நீங்கள். அந்த நோட்டில் ஒரு மனிதராவது இருக்கிறாரா? இன்னாருக்கு இந்தச் சிரமம், அதைச் சமாளிக்க இப்போது இவ்வளவு செலவழிக்கிறார், அப்படியும் திருப்தியில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? இருந்தால் அதைத்தான் முதலில் எனக்கு எழுதியிருப்பீர்கள்.

சரி, அந்த முன்னறைக்குத் திரும்புவோம். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு பெண் புதுச் சேலையோடு வருகிறார். அதோடு சேர்ந்து வந்த பிளவுஸ் பிட்டை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான நிறத்தில் லைனிங் துணி கிடைக்காமல் மூன்று கடை ஏறி இறங்கியிருப்பார். அளவு பிளவுஸ் கொடுப்பார், ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முன் தைத்ததாக இருக்கும். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை என்பார். வியாழக்கிழமை ராத்திரி ஹூக் வைத்துக் கொடுத்தால், கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து நிற்பார். ஆவணியிலும் தையிலும் உங்கள் அம்மா எத்தனை பேரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புகிறார்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இல்லாதபோது என்ன செய்கிறார்? யார் கூலியைப் பாக்கி வைத்திருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் தொழில்முனைவோர் என்று உங்களைச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இன்னும் உள்ளே போனால், வெளியே சொல்லாத விஷயங்கள் இருக்கும். விரல் மூட்டு வீங்கி ஹூக் மாட்ட முடியாமல், தினம் காலையில் மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று கூசுகிற மாமியார்கள் உண்டு. பால் கொடுக்க வசதியாகத் தைத்துத் தரக் கேட்கிற கைக்குழந்தைக்காரிகள் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஒரு பக்கம் உள்ளே பஞ்சுப் பை வைத்துத் தைக்க முடியுமா என்று கூட்டம் கலையும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்கிற பெண்களும் உண்டு. இதையெல்லாம் ஜவுளிக்கடைக் கவுன்டரில் நின்று கேட்க அவர்களுக்கு வாய் வராது. நம்பிக்கையான ஒரு தையல்காரம்மாவிடம்தான் கேட்பார்கள். புதுமை, புதுமை என்று தேடுகிறீர்களே, அது இப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கிறது.

அளவு எடுக்கும் அறையில் ஆண்பிள்ளை போய் உட்கார முடியாதுதான். உட்காரவும் கூடாது. வாசல் வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் நோட்டு எழுதுங்கள். லைனிங் மேட்ச் பண்ணி வாங்கி வாருங்கள். தைத்ததை வீடுகளில் கொண்டுபோய்க் கொடுத்துப் பாக்கியை வாங்குங்கள். எது இறுக்கம், எது தாமதம் என்று வாசலில் வைத்தே சொல்லிவிடுவார்கள். ஒரு மாதம் ஐடியா எதுவும் எழுதாமல், அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். ஒரே புகார் பத்து வீட்டில் வந்தால், அது 46 யோசனையைவிடப் பெரிது. அந்த அறையையும் இந்த மாதத்தோடு காலி செய்துவிடுங்கள்.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலிவேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்று, சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழி தேடியவர். ஷாம்பு சாஷேக்கு முன்னோடி அவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கியபோது, அப்பாவிடமிருந்து தெரிந்துகொண்ட அதே ஷாம்பு சாஷேயைத்தான் எடுத்தார். அப்பாவின் பெயரிலிருந்தே அதற்குச் சிக் என்று பெயர் வைத்தார். கிராமம் கிராமமாகப் போய், பையன்களை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டி விற்றார்கள். யோசனை வீட்டில் கிடைத்தது. புதிதாகச் செய்ததெல்லாம், அதை யாரிடம், எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான். வீட்டில் நடக்கிற தொழில் சாதாரணம், வெளியே இருப்பதுதான் பெரிது என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் எப்படி வந்தது என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி எடைபோடுவது. ஏழு வருடம் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தர 18,000 ரூபாய் வகுப்பா? பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வராமல் உங்கள் பழைய கம்பெனியில் ஒரு மீட்டர் துணி வெட்டுவார்களா? சாம்பிள் அனுப்பி, பையர் பார்த்து, திருத்தம் சொல்லி, ஒப்புக்கொண்ட பிறகுதானே கட்டிங்குக்கே போகும்? அதையே இங்கேயும் செய்யுங்கள். "நல்லா இருக்கே, ஆரம்பிங்க" என்று நண்பர்கள் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அட்வான்ஸாக 200 ரூபாய் கொடுக்கிறவர் சொல்வதுதான் கணக்கு. ஹூக்குக்குப் பதிலாக எளிதாக மாட்டுகிற மாதிரி ஒரு பிளவுஸ் அம்மாவைத் தைக்கச் சொல்லி, ஒரு பாட்டியிடம் கொடுத்து ஒரு வாரம் உடுத்தச் சொல்லுங்கள். அவர் இரண்டாவது ஒன்று காசு கொடுத்துக் கேட்டால் தொடருங்கள். கேட்காவிட்டால் ஏன் என்று கேட்டுத் திருத்துங்கள். இதற்கு 500 ரூபாய்கூட ஆகாது.

உங்கள் நோட்டில் முன்னணியில் இருப்பவற்றையும் இதே மாதிரி பாருங்கள். கொலு வருடத்தில் ஒன்பது நாள். மிச்ச நாளெல்லாம் மண்பொம்மைகளை உடையாமல் வைத்திருக்க இடம் வேண்டும். பாட்டி கொடுத்த மரப்பாச்சியையும் வருடம் ஒன்றாக வாங்கிச் சேர்த்த பொம்மைகளையும் படியில் வைப்பதுதான் அந்த வீடுகளுக்குச் சந்தோஷம். அவர்கள் வாடகைக்கு எடுப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் என் சந்தேகமும் உங்கள் மார்க்கும் ஒரே எடைதான். பத்து வீட்டில் அட்வான்ஸ் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஐஸ்கிரீமுக்கு ஃப்ரீசர், கரண்ட், குளிர் விடாமல் கொண்டுபோகும் வண்டி என்று முதல் நாளே பணம் கேட்கும். உங்கள் நிலைமையில் இப்போது அது வேண்டாம்.

அப்புறம் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு. இங்கேதான் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஒரு லைனிங் பிளவுஸுக்கு 400 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லைனிங் 80, நூல், ஹூக், கரண்ட் 20, வெளியே ஹெம்மிங் கொடுத்தால் 40. மிச்சம் 260. இதை லாபம் என்று எழுதுவீர்கள். அது லாபம் இல்லை. வெட்டி, தைத்து, திருத்தி முடிக்க அம்மாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆனால், மணிக்கு நூறு ரூபாய் சொச்சம் அவருடைய கூலி. அதைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் லாபம், ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். அம்மாவின் உழைப்பையும் மனைவியின் உழைப்பையும் இலவசமாகப் போட்டுக்கொண்டு வெற்றி பெற்றதாகச் சொல்லும் தொழில்களைப் பார்த்தால் எனக்கு ஆகவே ஆகாது. எட்டு மாதமாக நீங்கள் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அம்மாவின் தொழிலுக்கு ஒரு ஆப் போட்டு, உங்கள் பெயரில் பலகை மாட்டிவிடாதீர்கள். அது அவர் கட்டிய தொழில். வாடிக்கையாளர்கள் அவர் முகத்துக்காக வருகிறவர்கள். "நான் உதவிக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவர் வயதை நீங்கள் எழுதவில்லை. ஐம்பதைத் தாண்டியிருக்கும். ராத்திரியில் ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்கிறதா, இடுப்பு எப்படி இருக்கிறது என்று என்றாவது கேட்டீர்களா? ஹெம்மிங்கையும் ஹூக்கையும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பீஸ் ரேட்டில் பிரித்துக் கொடுத்தாலே, வெட்டுவதற்கும் அளவு பார்ப்பதற்கும் அவருக்கு நேரம் கிடைக்கும். வேலையைப் பிரித்து, தரம் பார்த்து, தேதிக்குள் முடிப்பதைத்தானே ஏழு வருடமாகச் செய்தீர்கள்?

கடன் இப்போது வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் உண்டு. ஆனால் அது கையில் கொடுக்கும் காசு அல்ல. மூன்று வருடம் வங்கியிலேயே இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்டுவது உங்கள் பாடு. பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மானிய விகிதம் அதிகம், சொந்த முதலீடு 10 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம் போதும். அம்மா பெயரில் போட்டுவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அம்மா நடத்த விரும்பும் தொழிலுக்கு, அம்மா புரிந்து கையெழுத்துப் போட்டால் மட்டும் செய்யுங்கள். உங்கள் ஆசைக்கான கடனை அவர் தலையில் வைப்பதை நான் மன்னிக்கமாட்டேன். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். மற்ற விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனை வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த ஃபீஸை நீங்கள் சம்பாதித்துக் கட்ட வேண்டும், பாட்டி அல்ல. ஏப்ரல் மாதம் உட்கார்ந்து ஆர்டர் நோட்டைப் பாருங்கள். அம்மாவின் கூலி போக உங்களுக்கு ஒரு சம்பளம் நிற்கவில்லை என்றால், மெர்ச்சண்டைசர் வேலைக்குத் திரும்பப் போங்கள். திருப்பூரில் உங்கள் அனுபவத்துக்கு வேலை தேடுவது கௌரவக் குறைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிவரி வேலையை விடாமல் செய்யுங்கள். இதையெல்லாம் முடிவு செய்யும்முன் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.