ஒவ்வொரு முறையும் வேறு பயிற்சி மருத்துவர் வருகிறார் என்றால்

மகனின் ஆஸ்துமாவுக்காக மூன்று தடவை மருத்துவமனைக்குப் போயும் ஒவ்வொரு தடவையும் வேறு பயிற்சி மருத்துவரே பார்த்தார், ஒருவரையே தொடர்ந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், அதே பயிற்சி மருத்துவரையே கேட்டு வாங்கலாம். ஆனால் முன்பதிவின்போது "அடுத்த மாதம் ஒரு நாள்" என்று சொல்லாமல், அவர் புறநோயாளிப் பிரிவில் இருக்கும் கிழமையைக் கேட்டு அந்த நாளுக்கே பதியுங்கள். மூன்று தடவையும் ஆள் மாறியதற்கு இதுதான் காரணமாக இருக்கும்: அவர்கள் சுழற்சியில் வார்டு, அவசரப் பிரிவு, இரவுப்பணி என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மகனின் ஆஸ்துமாவை யாரும் அலட்சியப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

மருந்துச்சீட்டில் மேற்பார்வை மருத்துவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். பயிற்சி மருத்துவர்கள் மாறினாலும் அவர் பெரும்பாலும் மாறமாட்டார். அந்தப் பெயரைச் சொல்லிப் பதிவது இன்னும் உறுதி.

அப்புறம், கதையை முதலிலிருந்து சொல்லும் அலுப்புக்கு ஒரே ஒரு தாள் போதும்: கடைசி எடை (குழந்தைகளுக்குப் பல மருந்துகளின் அளவு எடையை வைத்துத்தான்), இன்ஹேலர் பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசியாக மூச்சிரைத்த தேதி. சிரப் என்றால் 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்பதையும் எழுதுங்கள், பாராசிட்டமால் சிரப்பே 120, 250 என இரண்டு அளவில் வருகிறது.

அந்தப் பயிற்சி மருத்துவரின் பயிற்சிக் காலம் எப்போது முடிகிறது, அடுத்து யாரிடம் ஒப்படைப்பார் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.