ஆண் குழந்தையைப் பெண்ணாக வளர்த்தால் பெண்ணாகவே உணருமா?

தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உள்ளே உணரும் பாலின அடையாளம் பிறப்பிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா, பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்த்தால் ஆண் குழந்தையும் பெண்ணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளர்ப்பால் மட்டும் அதை ஊட்டிவிட முடியாது. குரோமோசோமைப் பார்த்து அடித்துச் சொல்லவும் முடியாது.

கருவின் ஆறாவது வாரம் வரை ஆண் பெண் இரண்டுக்கும் உறுப்புகள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு வேலை செய்தால் விரைகள் உருவாகும். எட்டாவது வாரவாக்கில் அவை டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். பன்னிரண்டாவது வாரத்துக்குள் வெளியுறுப்பின் வடிவம் பெரும்பாலும் முடிவாகிவிடும். மூளையின் பெரும் வளர்ச்சியோ கர்ப்பத்தின் பிற்பாதியில் நடக்கிறது. அதனால் உறுப்பு ஒரு வழியிலும் மூளை வேறு வழியிலும் போக வாய்ப்புண்டு என்று கருதுகிறார்கள்.

வளர்ப்பே எல்லாம் என்று 1960களில் உறுதியாகச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் மணி. கனடாவில் 1965-ல் பிறந்த டேவிட் ரெய்மர், எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது சுன்னத்து அறுவையில் நேர்ந்த விபத்தில் ஆண்குறியை இழந்தார். மணியின் ஆலோசனைப்படி 22 மாதத்தில் விரைகளையும் நீக்கிப் பெண்ணாக வளர்த்தார்கள். பாவாடை, பொம்மை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எதுவும் ஒட்டவில்லை. 14 வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். ஆனால் இந்த ஒரு கதையை வைத்து முடிவு கட்டக்கூடாது. அதே கனடாவில் இரண்டு மாதத்தில் இதே விபத்துக்கு ஆளாகி, ஏழாவது மாதத்திலிருந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட இன்னொருவர் 26 வயதிலும் தன்னைப் பெண் என்றே சொன்னார்.

எனக்கு இதைவிடக் கனமாகப் படுவது 2004-ல் வெளியான ஓர் ஆய்வு. சிறுநீர்ப்பையும் குடலும் வயிற்றுக்கு வெளியே திறந்தபடி பிறக்கும் அரிய குறைபாட்டில் ஆண்குறி சரியாக உருவாவதில்லை. அப்படிப் பிறந்த எக்ஸ்ஒய் (வழக்கமாக ஆண்களுக்கு உள்ள குரோமோசோம்) குழந்தைகள் 16 பேரில் 14 பேரைப் பெண் என்று முடிவு செய்து பெண்களாக வளர்த்தார்கள். விரைகள் நீக்கப்பட்டதால் பருவ வயதில் சொந்த ஆண் ஹார்மோன் சுரக்க வழியில்லை. கருவில் பட்டது மட்டும்தான். ஆய்வுக் காலத்திலேயே அவர்களில் 8 பேர் தங்களை ஆண் என்றார்கள். 5 பேர் பெண்ணாகவே வாழ்ந்தார்கள். ஒரே குறைபாடு, ஒரே மாதிரி முடிவு, விளைவு மட்டும் வேறு.

மறுபக்கமும் உண்டு. சிலருக்கு எக்ஸ்ஒய் குரோமோசோமும் விரைகளும் இருக்கும், டெஸ்டோஸ்டீரோனும் சுரக்கும். ஆனால் அதை ஏற்கும் ஏற்பி முற்றிலும் வேலை செய்யாது. உடல் பெண்ணுடலாக வளரும், பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்வார்கள். பெண் குழந்தைக்குக் குடலிறக்க அறுவை செய்யும்போதோ, 15, 16 வயதாகியும் மாதவிலக்கு வராதபோதோதான் இது தெரியவரும்.

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் கோளாறான பிறவி அட்ரீனல் மிகை வளர்ச்சி உள்ள எக்ஸ்எக்ஸ் (வழக்கமாகப் பெண்களுக்கு உள்ள குரோமோசோம்) குழந்தைகளுக்குக் கருவிலேயே ஆண் ஹார்மோன் மிகுதியாகப் படும். இவர்கள் கார் பொம்மை, முரட்டு விளையாட்டுப் பக்கம் அதிகம் சாய்வார்கள். ஆனாலும் பெரும்பாலோர் தங்களைப் பெண் என்றே சொல்வார்கள். விளையாட்டு விருப்பம் வேறு, பாலின அடையாளம் வேறு. மகன் பொம்மைக்குச் சேலை கட்டுகிறான் என்று பதறும் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

வளர்ப்பு சும்மா இருப்பதில்லை. இரண்டு, மூன்று வயதில் குழந்தை தன்னை ஆண் அல்லது பெண் என்று சொல்லத் தொடங்குகிறது. எந்த உடை, எந்த வேலை, எப்படி அழலாம் என்பதெல்லாம் வீடும் தெருவும் கற்றுத் தருபவை. உள்ளே உணர்வதை வெளியே சொல்லலாமா, மூடி வைக்க வேண்டுமா என்பதையும் வீடுதான் தீர்மானிக்கிறது. அடித்துத் திருத்தினால் அடையாளம் மாறாது, பிள்ளை பேசுவதை நிறுத்திவிடும்.

பிறந்த குழந்தையின் உறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவாக இல்லையென்றால் பெயர் வைக்கும் அவசரம் வேண்டாம். விரைகள் கைக்குத் தட்டுப்படாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேலே சொன்ன அட்ரீனல் கோளாறைத்தான். 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, குரோமோசோம் சோதனைகளும் வயிற்று ஸ்கேனும் தேவை. இந்தக் கோளாறின் கடும் வகையில் உடல் உப்பைத் தேக்கி வைக்க முடியாது. முதல் மூன்று வாரங்களுக்குள் வாந்தி வரும், பால் குடிக்காது, எடை குறையும். சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறும். சாதாரண வாந்தி என்று விட்டால் உயிர் போகும். ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், உப்பு மூன்றையும் உடனே தொடங்கினால் பிழைத்துக்கொள்ளும். நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இந்தக் கோளாறுக்கான பரிசோதனையை வழக்கமாகச் செய்வதில்லை, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உறுப்பை 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை அவசரமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தந்த தீர்ப்பை அடுத்து, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, பிறவியிலேயே உடலமைப்பு ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத இடைபாலினக் குழந்தைகளுக்கு இந்த அறுவை கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஏற்பி வேலை செய்யாத பெண் குழந்தைக்கு உள்ளே இருக்கும் விரைகளைக்கூட உடனே எடுக்க வேண்டியதில்லை. பருவ வயதுக்கு முன் அதில் புற்றுநோய் அபாயம் குறைவு. எடுத்துவிட்டால் எலும்பைக் காக்கப் பருவ வயதிலிருந்து பல்லாண்டுகள் ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டிவரும்.