அப்பாயி நோட்டில் கால் வீசை என்றால் எவ்வளவு?

கேள்வி: எங்கள் அப்பாயி பர்மாவின் மோல்மீனில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ரவை கேக் செய்வார். முட்டை கிடையாது. அவர் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "ரவை 2 பால் டின், சீனி கால் வீசை, தேங்காய் 2, எண்ணெய், உப்பு, கிஸ்மிஸ், கசகசா. மேலேயும் தணல்." பேக்கிங் பவுடர் போட்டுக் கலந்து ஓவனில் வைத்தால் உதிர்ந்துபோகிறது, மேல்பக்கம் வெளுத்தே இருக்கிறது. கால் வீசை 350 கிராம் என்கிறார் சென்னை உறவினர். சரியா? (யாங்கோன் வாசகி)

பதில்: உங்கள் உறவினர் சொல்வது பழைய சென்னைக் கணக்கு. அங்கே ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. பர்மாவில் இன்றும் சந்தையில் புழங்கும் வீசை 1.63 கிலோ. மோல்மீனில் எழுதிய நோட்டு என்பதால் கால் வீசை சுமார் 400 கிராம் என்றே எடுங்கள். பால் டின் என்பது கண்டென்ஸ்டு மில்க் டப்பா. எட்டு டின் அரிசி ஒரு பியி என்று அளப்பார்களே, அதே டின்தான். 300 மில்லி பிடிக்கும்.

அளவு தெரிந்துவிட்டது, ஆனால் உங்கள் கேக் கெட்டதற்குக் காரணம் அளவில்லை. பொருட்களைப் பார்த்தால் இது பர்மா டீக்கடைகளில் துண்டு போட்டு விற்கும் ‘சனுவின் மக்கின்’ என்ற ரவை கேக் வகை. இதைக் கேக் மாவு மாதிரி கலந்து சுடக்கூடாது. கேசரி போல அடுப்பில் கிளறி முடித்த பிறகுதான் சுட வேண்டும். பேக்கிங் பவுடருக்கு இதில் வேலையே இல்லை.

முதலில் பாதி அளவில் செய்து பாருங்கள். ஒரு டின் பெரிய ரவையை எண்ணெய் விடாமல், சிறு தீயில், வாசம் வந்து லேசாகப் பழுப்பேறும்வரை வறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இதில் அவசரப்பட்டால் பச்சை வாசம் கடைசிவரை போகாது. ஒரு தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எல்லாம் சேர்த்து நாலு டின் வரட்டும். குறைந்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். உப்புமாக் கணக்கில் இரண்டு டின்னோடு நிறுத்தினால் உதிரத்தான் செய்யும். ரவை, 200 கிராம் சீனி, சிட்டிகை உப்பு மூன்றையும் பாலில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

பிறகு அடிகனமான சட்டியில் கிளறுங்கள். எண்ணெய் எவ்வளவு என்று அப்பாயி எழுதவில்லை. கால் டின்னில் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கூட்டுங்கள். பர்மா வீடுகளில் பெரும்பாலும் கடலை எண்ணெய்தான். நான் பாதிக்குப் பாதி நெய் விடுவேன், தீபாவளியாயிற்றே. சட்டியின் ஓரத்தை விட்டு உருண்டு வந்து, விளிம்பில் எண்ணெய் மினுங்கும்போது கிஸ்மிஸைப் போட்டு இறக்குங்கள். எண்ணெய் தடவிய தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குச் சமப்படுத்தி, மேலே கசகசா தூவுங்கள்.

"மேலேயும் தணல்" என்பதுதான் அந்த நோட்டிலேயே முக்கியமான வரி. கரி அடுப்பில் வைத்த தட்டைத் தகரத்தால் மூடி, அந்த மூடிமேல் தணலை அள்ளிப் போடுவார்கள். கேக்கின் தலை சிவப்பது அந்தச் சூட்டில்தான். உங்கள் ஓவனில் அடிச்சூடு மட்டும் எரிந்திருக்கும். மேலும் கீழும் 180 டிகிரியில் 40 நிமிடம் சுட்டு, கடைசிப் பத்து நிமிடம் மேல்சூட்டை மட்டும் விடுங்கள். நடுவில் கரண்டு போய்விட்டால் அப்பாயி வழிக்கே போகலாம்: கீழே மிதமான தணல், மேலே நல்ல தணல்.

சூட்டோடு கத்தி வைக்காதீர்கள். முழுதும் ஆற இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். மறுநாள் இன்னும் கெட்டிப்படும்.

எண்ணெய் அளவை ஊரில் உள்ள பெரியவர்களிடம் கேட்பதானால் "எவ்வளவு" என்று கேட்காதீர்கள். எந்தக் கரண்டி, எந்தச் சட்டி என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்தத் தட்டில் மட்டும் கசகசாவுக்குப் பதில் வெள்ளை எள் தூவுங்கள். அங்கே கசகசாவுக்குத் தடை.